உங்களுக்குத் தெரியுமா? – சுருட்டி எடுத்துப் போகும் சூரிய மின்கலம்

சோலார் என்றதும் நம் கண்ணில் வருவது மொட்டை மாடியில் சாய்ந்து நிற்கும் கண்ணாடிப் பலகை. இந்த முறை துணுக்குகள் முழுக்க அதன் தங்கையைப் பற்றி. பிளாஸ்டிக் தாளில் மை போலப் பூசி, பாய் போலச் சுருட்டி எடுத்துப் போகக்கூடிய கரிம சூரிய மின்கலம் அது. கார்பன் சேர்மங்களால் ஆனதால் ‘கரிம’ என்ற பெயர். இதைப் பற்றி யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி, “எத்தனை சதவீதம்?” “எத்தனை வருஷம்?” என்று கேட்பவர்கள் குறைவு. இரண்டாவது கேள்விதான் பெரியது என்பது என் கட்சி. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ஆயிரம் மடங்கு கூடிப்போன ஒரு பொருள்

பிளாஸ்டிக் என்றால் மின்சாரம் கடத்தாது என்றுதான் பள்ளியில் படித்தோம். அந்தப் பாடத்தை மாற்றியது ஒரு கைத்தவறு. 1960-களின் பிற்பகுதியில் ஜப்பானில் ஹிடேகி ஷிராகாவா பணியாற்றிய ஆய்வகத்தில் பாலிஅசிட்டிலீன் தயாரிக்கும்போது, வினையூக்கியைத் தேவைக்கு ஆயிரம் மடங்கு கூடுதலாகப் போட்டுவிட்டார்கள். வழக்கமான கருப்புத் தூளுக்குப் பதிலாக, வெள்ளித் தகடு போல் பளபளக்கும் ஒரு படலம் வந்தது. அவர் அதைத் தூக்கி எறியவில்லை. பின்னர் ஆலன் மெக்டையர்மிட், ஆலன் ஹீகர் இருவருடன் சேர்ந்து 1977-ல் அந்தப் படலத்தில் அயோடின் ஆவியைக் காட்டினார். மின்கடத்தும் திறன் ஒரு கோடி மடங்கு ஏறியது. 2000-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் இந்த மூவருக்கும் கிடைத்தது. வளையும் சூரிய மின்கலத்தின் வம்சாவளி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நீல மைக்குள் மின்சாரம்

அச்சு மையிலும் பெயின்டிலும் நீலம் தரும் நிறமி காப்பர் தாலோசயனின். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த சிங் டாங், அதையே ஒரு மெல்லிய அடுக்காகப் படியவிட்டு, மேலே பெரிலீன் வகைச் சாயம் ஒன்றை இரண்டாவது அடுக்காகச் சேர்த்தார். 1986-ல் அவர் வெளியிட்ட அந்தக் கலத்தின் செயல்திறன் சுமார் 1 சதவீதம். சிலிக்கானின் முதல் கலமே 1954-ல் 6 சதவீதத்தைத் தொட்டுவிட்டது என்பதால் பலருக்கு இது பெரிதாகப் படவில்லை. ஆனால் ஒரு பொருளை மட்டும் வைத்துக்கொண்டு தடுமாறிய துறைக்கு, ‘கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்று இருவர் வேண்டும்’ என்ற வழியைக் காட்டியது அந்தக் கலம்தான்.

எள்ளுருண்டை சொல்லும் இயற்பியல்

இருவர் ஏன் வேண்டும்? சிலிக்கானில் ஒளி விழுந்ததும் எலெக்ட்ரானும் அது விட்டுப்போன வெற்றிடமும் தனித்தனியே ஓடிவிடும். கரிமப் பொருளில் அப்படி நடக்காது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்தபடி ஜோடியாகவே அலையும். இந்த ஜோடிக்கு எக்சிட்டான் என்று பெயர். அதன் ஆயுள் மிகக் குறைவு; சுமார் 10 நானோமீட்டர் நடப்பதற்குள் இன்னொரு பொருளின் எல்லையைத் தொட்டால்தான் ஜோடி பிரியும். தொடாவிட்டால் அந்த ஒளி வெறும் சூடாகப் போய்விடும்.

பத்து நானோமீட்டர் கனத்தில் அடுக்கு போட்டால் ஒளியே போதுமான அளவு உள்ளே தங்காது. கனத்தைக் கூட்டினால் ஜோடி எல்லைக்கு வந்து சேராது. இந்தச் சிக்கலை அவிழ்த்தது 1995-ல் ஹீகர் குழுவினர் வெளியிட்ட கலவை முறை. இரண்டு பொருள்களையும் அடுக்காகப் போடாமல் ஒரே கரைசலில் கலந்து பூசிவிடுவது. எள்ளுருண்டையைப் பிட்டுப் பாருங்கள். எந்த எள்ளை எடுத்தாலும் பக்கத்தில் வெல்லம் இருக்கும். அதே போல, எக்சிட்டான் எங்கே பிறந்தாலும் நாலடி தள்ளி எல்லை இருக்கும். எள்ளுருண்டையில் இல்லாத ஒரு நிபந்தனையும் இங்கே உண்டு. ‘எள்’ முழுவதும் ஒரு தொடர்ச்சியாக ஒரு முனைக்கும், ‘வெல்லம்’ முழுவதும் இன்னொரு தொடர்ச்சியாக மறுமுனைக்கும் போய்ச் சேர வேண்டும். இந்தக் கலவையின் நேர்த்தியில்தான் செயல்திறன் இருக்கிறது. அந்தக் கலவை காலப்போக்கில் குலைவதில்தான் ஆயுளும் முடிகிறது.

● எல்லையைத் தொட்ட பிறகு ஜோடி பிரிய எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்காக்கினால், அதில் ஒரு பங்குக்கும் குறைவு. 1992-ல் சாரிசிஃப்ட்சியும் ஹீகரும் சேர்ந்த குழு இதைக் கண்டு சொன்னது.

● ஒளியை விழுங்கும் அடுக்கின் கனம் சுமார் 100 நானோமீட்டர்தான். சிலிக்கான் தகடு அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல் கனமானது. சிலிக்கானை உருக்க 1,414 டிகிரி செல்சியஸ் வேண்டும். கரிம மையைப் பூசி உலர்த்த பெரும்பாலும் 150 டிகிரியைத் தாண்ட வேண்டியதில்லை. பிளாஸ்டிக் தாளின் மேல் பூச முடிவதே இந்தக் குறைந்த சூட்டினால்தான்.

பந்து போய் வாழைப்பழம் வந்தது

கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் ‘வாங்குபவர்’ வேடத்தில் நடித்தது ஃபுல்லரீன். அறுபது கார்பன் அணுக்கள் கால்பந்து போலக் கோத்துக்கொண்ட மூலக்கூறு அது. எலெக்ட்ரானை வாங்குவதில் கெட்டிக்காரன், ஆனால் ஒளியை வாங்குவதில் சோம்பேறி. சாயலை மாற்றி அகச்சிவப்பை விழுங்க வைக்கலாம் என்றால் அதற்கும் இடம் கொடுக்காது. 12 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே துறை முட்டிக்கொண்டு நின்றது.

சீனத்தில் ஜான் சியாவெய் குழு 2015-ல் ஐடிஐசி என்ற நீளவாட்டு மூலக்கூறைத் தந்தது. 2019-ல் சாங்ஷா நகரின் மத்திய தென் பல்கலைக்கழகத்தில் சோ யிங்பிங் குழு ஒய்6 என்ற மூலக்கூறைக் கொண்டுவந்தது. நடுவில் சற்றே வளைந்த, வாழைப்பழம் போன்ற உருவம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வரை ஒளியை விழுங்கும். முதல் அறிக்கையிலேயே 15.7 சதவீதம். அடுத்த ஆண்டே வேறு ஒரு பாலிமருடன் சேர்ந்து 18-ஐத் தொட்டது. இப்போது ஆய்வகங்களில் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். ஒரு மூலக்கூறின் வடிவத்தை மாற்றியதால் ஒரு துறையின் தலையெழுத்து மாறியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த 20 சதவீதம் எவ்வளவு பெரியது?

பல சாதனைக் கலங்களின் பரப்பு சில சதுர மில்லிமீட்டர். ஏறக்குறைய ஓர் உளுந்தளவு. அதுவும் பெரும்பாலும் கண்ணாடி மேல், நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள், சுழலும் தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பூசியது. அதே மையைக் கையகலத்துக்குப் பூசும்போது கனம் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். ஒரு தூசி விழுந்தாலும் அங்கே மின்கசிவு. கலங்களை ஒன்றோடொன்று தொடராக இணைக்க விடும் இடைவெளிக் கோடுகளில் மின்சாரமே பிறக்காது. ஜெர்மனியின் எர்லாங்கன்-நியூரம்பர்க் ஆய்வாளர்கள் 204 சதுர சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு கலத்தொகுப்பில் 14.46 சதவீதம் எட்டி 2023-ல் சான்றும் வாங்கினார்கள். லேசரால் கோடு கிழித்து, வீணாகும் இடத்தை ஒடுக்கி, கணினியில் வடிவமைத்துப் பெற்ற எண் இது. என் கண்ணுக்கு உளுந்தளவு 20-ஐவிட இந்த உள்ளங்கையளவு 14.46 கனமாகத் தெரிகிறது.

பென்சிலில் சுற்றிப் பாருங்கள்

வளையும் கலத்தில் முதலில் விரிசல் விடுவது எது தெரியுமா? கரிமப் படலம் அல்ல. ஒளியையும் விட்டு மின்சாரத்தையும் கடத்தும் மின்முனைப் பூச்சு. இண்டியம் டின் ஆக்சைடு என்ற இந்தப் பூச்சுதான் நம் செல்போன் தொடுதிரையிலும் இருக்கிறது. பீங்கான் குணம் கொண்டது. ஒன்றிரண்டு சதவீதம் இழுபட்டாலே நுண்விரிசல் விழும்.

ஒரு கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டையை மடியுங்கள். மடிப்பில் பூச்சு உடைந்து வெள்ளைக் கோடு தெரியும். பக்கத்தில் கிடக்கும் செய்தித்தாளை மடியுங்கள். அவ்வளவு கோடு விழாது. இரண்டும் காகிதம்தான், வித்தியாசம் கனத்தில். கணக்கு எளிது. தாளின் கனத்தை வளைவின் விட்டத்தால் வகுத்தால், மேற்பரப்பு எவ்வளவு இழுபடுகிறது என்பது கிடைத்துவிடும். 125 மைக்ரான் பாலியெஸ்டர் தாளை 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள பென்சிலில் சுற்றினால் இழுவிசை சுமார் 1.8 சதவீதம். இண்டியம் பூச்சு விரிசல் விடும் எல்லை. அதே பென்சிலில் 2 மைக்ரான் படலத்தைச் சுற்றினால் 0.03 சதவீதம். பூச்சுக்குத் தான் வளைந்ததே தெரியாது.

கனத்தைக் குறைக்க முடியாத இடத்தில் இன்னொரு வித்தை உண்டு. வளையும்போது வெளிப்பக்கம் நீளும், உட்பக்கம் சுருங்கும். நடுவில் ஓர் இடம் நீளவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. கலத்தின் மேலும் கீழும் சம கனத்தில் தாள் ஒட்டி, கலத்தை அந்த நடு இடத்தில் உட்கார வைத்துவிட்டால் பாதி நோவு தீர்ந்தது. இண்டியத்தையே விலக்கிவிட்டு, வெள்ளி நானோ கம்பிகளை வலை போல் விரித்தோ, மின்கடத்தும் பாலிமரைப் பூசியோ மின்முனை செய்பவர்களும் இருக்கிறார்கள்.

தலைமுடியில் சுற்றிய கலம், குமிழியில் அமர்ந்த கலம்

2012-ல் ஆஸ்திரியாவின் லின்ஸ், ஜப்பானின் டோக்கியோ பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்த கலம், அடித்தாளையும் சேர்த்து மொத்தம் 1.9 மைக்ரான் கனம். அதை ஒரு மனிதத் தலைமுடியில் சுற்றிக் காட்டினார்கள். ஒரு கிராமுக்கு 10 வாட் என்பது அதன் கணக்கு. 2016-ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் தங்கள் கலத்தை ஒரு சோப்புக் குமிழியின் மேல் வைத்தார்கள். குமிழி உடையவில்லை. அடித்தாளை வெளியில் செய்து கொண்டுவந்து ஒட்டாமல், கலம் வளரும் அதே வெற்றிட அறைக்குள்ளேயே பாரிலீன் என்ற பாலிமரை ஆவியாகப் படியவிட்டதுதான் அதன் சூட்சுமம். இதனால் அடித்தாளைக் கையால் தொட வேண்டியதில்லை, தூசி படிய இடமில்லை.

கரப்பான் பூச்சியின் முதுகில் மின்நிலையம்

2022-ல் ஜப்பானின் ரிகென் ஆய்வு நிலையத்தில் கென்ஜிரோ ஃபுகுடா குழு, ஆறு சென்டிமீட்டர் நீளமுள்ள மடகாஸ்கர் கரப்பான் பூச்சியின் வயிற்றுப் பகுதியின் மேல் 4 மைக்ரான் கனமுள்ள கரிமக் கலத்தை ஒட்டியது. நடக்கும்போது அதன் வயிற்று வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஏறி இறங்கும். கனமான தாளை ஒட்டினால் பூச்சி நடக்கத் திணறும். குப்புற விழுந்தால் நிமிர முடியாது. அதனால் படலத்தை முழுவதும் ஒட்டாமல், ஓரிடம் ஒட்டு, ஓரிடம் விட்டு என்று மாற்றி மாற்றி ஒட்டினார்கள். பூச்சி தன் போக்கில் நடந்தது. கலம் 17.2 மில்லிவாட் தந்தது. இடிபாடுகளுக்குள் ஆளைத் தேட அனுப்பும் பூச்சிகளுக்குப் பேட்டரி தீர்ந்து போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. வளையும் கலம் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் உதாரணம் இதுதான்.

துணிக் கிளிப் நொறுங்குவது ஏன்?

மொட்டை மாடிக் கொடியில் இரண்டு கோடை கிடந்த பிளாஸ்டிக் கிளிப்பை அழுத்திப் பாருங்கள். கையோடு நொறுங்கி வரும். வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிர் கார்பன் பிணைப்புகளை அறுத்துவிட்டது. கரிமச் சூரியக் கலமும் கார்பன் பிணைப்புகளால் ஆனதே. ஆனால் கிளிப்பைப் போல நிழலில் ஒதுங்க அதற்கு வழியில்லை. வெயிலில் கிடப்பதுதான் அதன் வேலை. புறஊதா, ஆக்சிஜன், ஈரப்பதம், சூடு என்று நாலு பேர் சேர்ந்து தாக்குகிறார்கள். இவர்களில் இருவர் சேர்ந்தால் சேதம் கூட்டலாக இருக்காது, பெருக்கலாக இருக்கும்.

கெட்டிக்காரக் கூட்டாளி, மெல்லக் கொல்லும் விருந்தாளி

மை உலரும்போது எள்ளும் வெல்லமும் சரியான அளவில் பிரிந்து அமைய, டைஅயோடோஆக்டேன் என்ற திரவத்தை ஒன்றிரண்டு சதவீதம் சேர்ப்பது பல ஆண்டுகளாக வழக்கம். மற்ற கரைப்பான்கள் ஓடிய பிறகும் இது மெதுவாகவே ஆவியாகும். அந்த அவகாசத்தில் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொள்ளும். செயல்திறன் கிடுகிடுவென்று ஏறும். ஆனால் கொதிநிலை அதிகம் என்பதால் படலத்துக்குள் கொஞ்சம் தங்கிவிடும். வெயில் பட்டதும் அதிலிருந்து அயோடின் கழன்று, அலைந்து, பக்கத்து மூலக்கூறுகளைக் கடிக்க ஆரம்பிக்கும். அளவுக் கருவியின் முன் ஒரு நாள் ஜெயிக்க உதவியதே ஆறு மாதத்தில் கலத்தைத் தோற்கடிக்கிறது. செயல்திறனைக் கூட்டும் வழியும் ஆயுளைக் கூட்டும் வழியும் எதிரெதிரே போன இடம் இது. இப்போது முழுமையாக ஆவியாகிவிடும் திடப் பொருள்களைச் சேர்த்தும், சேர்மானமே இல்லாமல் அமையும் மூலக்கூறுகளை வடிவமைத்தும் இதற்கு விடை தேடுகிறார்கள்.

சன்ஸ்கிரீன் பூசிய கலம்

சன்ஸ்கிரீன் களிம்பில் இருக்கும் துத்தநாக ஆக்சைடு, எலெக்ட்ரானைக் கடத்தும் அடுக்காகக் கரிமக் கலத்தில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. புறஊதாவை அதுவே விழுங்கிக்கொள்வதால் நல்லது என்று தோன்றும். அதில்தான் வினை. விழுங்கிய சக்தியைக் கொண்டு, தன்னை ஒட்டி நிற்கும் கரிம மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பை உடைத்துவிடுகிறது. ஐடிஐசி வகை மூலக்கூறுகளில் நடுத்தண்டையும் முனைகளையும் இணைக்கும் பிணைப்பு அது. அங்கே வெட்டினால் மூலக்கூறு இரண்டாகிவிடும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஃபாரஸ்ட் குழு 2021-ல் செய்ததைப் பாருங்கள். துத்தநாக ஆக்சைடை விலக்கவில்லை. அதற்கும் ஒளி விழுங்கும் அடுக்குக்கும் நடுவே மூலக்கூறு கனத்தில் ஒரு கார்பன் தடுப்பை வைத்தார்கள். மறுபக்கத்தில் ஃபுல்லரீன் பந்துகளால் ஒரு மெல்லிய காப்பு. வெளியே இன்னொரு துத்தநாக ஆக்சைடு அடுக்கு, புறஊதாவை வாசலிலேயே நிறுத்த. பிறகு சூரியனைப் போல் 27 மடங்கு வரை ஒளியைப் பாய்ச்சி, சூட்டையும் கூட்டி, கலம் மெலிவதைக் கணக்கிட்டார்கள். 30 ஆண்டுகளுக்குப் பிறகும் 80 சதவீதத் திறன் மிஞ்சும் என்று கணக்கு வந்தது. கணக்குதான், காலம் இன்னும் ஓடவில்லை. ஆனாலும் ‘கரிமம் என்றாலே அற்பாயுசு’ என்ற பேச்சை நிறுத்த இது ஒன்று போதும்.

சிப்ஸ் பாக்கெட் போதுமா?

போதாது. உள்ளே வெள்ளியாகப் பளபளக்கும் சிப்ஸ் பாக்கெட் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ நீராவியை விடும். முறுக்கு நமுத்துப் போகாமல் இருக்க அது போதும். கரிம சூரியக் கலத்துக்கு அதைப்போல ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். கண்ணாடி தாங்கும், ஆனால் கண்ணாடி வளையாது.

அதனால் தடுப்புத் தாள்களை அடுக்கடுக்காகச் செய்கிறார்கள். ஓர் ஆக்சைடு அடுக்கு, அதன் மேல் ஒரு பாலிமர் அடுக்கு, மறுபடி ஆக்சைடு. ஆக்சைடில் ஊசிமுனைத் துளைகள் இருக்கத்தான் செய்யும். ஓட்டு வீட்டில் மேல் ஓட்டின் இடைவெளிக்கு நேராகக் கீழ் ஓட்டின் இடைவெளி வராமல் வேய்வது போல, ஓர் அடுக்கின் துளைக்கு நேராக அடுத்த அடுக்கின் துளை வராது. நீர் மூலக்கூறு சுற்றிச் சுற்றி நடந்து களைக்கும். இத்தனைக்கும் பிறகு தண்ணீர் புகும் இடம் பெரும்பாலும் தாளின் முகம் அல்ல; பசை ஒட்டிய ஓரமும், கம்பி வெளியே வரும் வாயும்தான். வளைக்க வளைக்க அந்த ஓரம்தான் முதலில் வாய் பிளக்கும்.

● தடுப்புத் தாளும் பசையும் சேர்ந்தால் கலத்தைவிடப் பல நூறு மடங்கு கனம் ஆகிவிடும். செலவிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

பேருந்து நிறுத்தம் வரை வந்து நின்ற கதை

நோபல் பெற்ற ஹீகரும் சேர்ந்து 2001-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய நிறுவனம் கோனார்கா. நம் ஊர் கோனார்க் சூரியன் கோயிலை நினைவூட்டும் பெயர். பைகளில், குடைகளில், சான் பிரான்சிஸ்கோ பேருந்து நிறுத்தக் கூரையில் எல்லாம் அதன் பிளாஸ்டிக் கலங்கள் ஏறின. 2012-ல் நிறுவனம் திவாலானது. விற்பனைக்கு வந்த தாளின் திறன் மிகக் குறைவு. ஆயுள் சில ஆண்டுகள். அதே நேரத்தில் சிலிக்கான் பேனல் விலை சரிந்து விழுந்தது. மூன்றையும் சேர்த்து யாராலும் தாங்க முடியாது. ஆயுள் பற்றிய கேள்வி எனக்குப் பெரிதாகப் படுவது இந்த நிறுவனத்தின் கதையைப் படித்ததிலிருந்துதான்.

ஒருவர் சொல்லும் ஆயிரம் மணி, இன்னொருவர் சொல்லும் ஆயிரம் மணி

‘ஆயிரம் மணி நேரம் தாங்கியது’ என்று ஆய்வுக் கட்டுரை சொன்னால் நம்பலாமா? இருட்டில், நைட்ரஜனில், அறை வெப்பத்தில் ஆயிரம் மணியா? 85 டிகிரி சூட்டிலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் ஆயிரம் மணியா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2011-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி ஐசாஸ் என்ற பொது விதிமுறையை எழுதினார்கள். இருட்டுச் சோதனை, விளக்கொளிச் சோதனை, வெட்டவெளிச் சோதனை என்று வகை பிரித்து, எந்த வகை என்று சொல்லாமல் மணிக்கணக்கைச் சொல்லக் கூடாது என்றார்கள். தொடக்கத் திறன் 80 சதவீதமாக இறங்க ஆகும் காலத்தை ‘டி80’ என்கிறார்கள். கரிமக் கலத்தைப் பற்றி எதைப் படித்தாலும் அந்தச் சொல்லைத் தேடுங்கள். பக்கத்தில் என்ன சூட்டில், என்ன ஒளியில் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சூட்டில் ஊர்ந்து போகும் மூலக்கூறுகள்

வெயிலில் கிடக்கும் தாள் எழுபது டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் சின்ன மூலக்கூறுகள் மெல்ல ஊர்ந்து தம் இனத்தோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். எள் ஒரு பக்கம், வெல்லம் ஒரு பக்கம். எல்லைகள் குறைந்துவிடும். இதற்கு ஒரு மருந்து, ஒய்6 போன்ற சின்ன மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாக்குவது. தனியாள் நழுவலாம், கைகோத்து நிற்கும் வரிசை நழுவாது. சீனத்தில் லி யோங்ஃபாங் குழு 2017-ல் இந்தப் பாதையைத் திறந்தது. சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் படலம் இழுவையையும் நன்றாகத் தாங்கும். செயல்திறன், ஆயுள், வளைவு மூன்றும் ஒரே திசையில் போகும் அபூர்வமான இடம் இது. இந்தத் துறையில் எனக்கு அதிக நம்பிக்கை தருவதும் இதுவே.

● ஆஸ்திரேலியாவின் நியூகாசல் பல்கலைக்கழகத்தில் பால் டாஸ்டூர் குழு 2022-ல் மின்சாரக் கார் ஒன்றில் நாட்டைச் சுற்றக் கிளம்பியது. காரில் ஏற்றிய சார்ஜர், அச்சடித்த 18 சூரியத் தாள்கள். ஒவ்வொன்றும் 18 மீட்டர் நீளம். வழியில் நிறுத்தி, சாலையோரம் பாய் விரிப்பது போல விரித்து, சார்ஜ் ஏற்றி, சுருட்டிப் போட்டுக்கொண்டு போக வேண்டியது.

● ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஹெலியாடெக் என்ற நிறுவனம் மை பூசுவதில்லை. வெற்றிடத்தில் மூலக்கூறுகளை ஆவியாக்கிப் படியவிடுகிறது. அதன் தாள் சதுர மீட்டருக்கு 2 கிலோவுக்கும் குறைவு, பின்பக்கம் பசையோடு வரும். கண்ணாடிப் பேனலின் பாரம் தாங்காத தொழிற்கூடக் கூரைகளும் சுவர்களும் அதற்கு இலக்கு.

● அலுவலக விளக்கொளி வெயிலில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஒளிக்கேற்றபடி மூலக்கூறின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால், வீட்டுக்குள் கரிமக் கலம் சிலிக்கானை மிஞ்சும். ஸ்வீடனின் லின்ஷாப்பிங் நகரில் எபிஷைன் என்ற நிறுவனம் இதற்கென்றே கலம் அச்சடிக்கிறது. புறஊதாவும் மழையும் இல்லாத இடம் என்பதால் ஆயுள் கவலையும் பாதி குறைகிறது.

சலவை இயந்திரத்துக்குள்

2017-ல் ரிகெனும் டோக்கியோ பல்கலைக்கழகமும் சேர்ந்து, மேலும் கீழும் ரப்பர் போன்ற படலம் ஒட்டிய ஒரு கலத்தைத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் போட்டுவைத்தார்கள். திறன் 7.9 சதவீதம்; தண்ணீரில் ஊறியதால் அதில் குறைந்தது 5.4 சதவீதப் பங்கு. துணியில் தைக்க ஆசை. ஆனால் காப்புப் படலம் கூடக் கூட, வளையும் குணம் குறைந்தது.

ஏழு ஆண்டு கழித்து அதே ரிகென் குழு வேறு பக்கத்திலிருந்து வந்தது. காப்பைக் கூட்டவில்லை. அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியைக் கூட்டியது. தண்ணீர் கலத்தைக் கெடுப்பதற்கு முக்கியக் காரணம், அடுக்குகளுக்கு நடுவே புகுந்து அவற்றை உரித்துவிடுவது. அதனால் நடுவில் இருந்த ஓர் அடுக்கையே நீக்கி, வெள்ளி மின்முனையை நேராக ஒளி விழுங்கும் அடுக்கின் மேல் படியவிட்டார்கள். பிறகு காற்றில், 85 டிகிரியில், 24 மணி நேரம் வைத்தார்கள். எல்லையில் வெள்ளி ஆக்சைடு உருவாகி, நீக்கிய அடுக்கின் வேலையை அதுவே பார்த்துக்கொண்டது. பிடியும் இறுகியது. மொத்தக் கனம் 3 மைக்ரான். தண்ணீருக்குள் நாலு மணி நேரம் மூழ்க வைத்த பிறகு 89 சதவீதத் திறன் மிஞ்சியது. தண்ணீருக்குள்ளேயே 30 சதவீதம் வரை 300 முறை இழுத்துவிட்டபோது 96 சதவீதம். கடைசியில் சலவை இயந்திரத்தில் ஒரு சுற்று போட்டு எடுத்தார்கள். வேலை செய்தது.

துணியில் தைத்த மின்நிலையம்

2022 டிசம்பரில் எம்ஐடி-யிலிருந்து வந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் பெயர் மயூரன் சரவணபவானந்தம். படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சோப்புக் குமிழிக் கலம் வெற்றிட அறையில் செய்த ஒற்றைக் கலம். எளிதில் பெருக்க முடியாதது. இந்தக் குழு மையாகப் பூசி, திரை அச்சு முறையில் மின்முனை போட்டு, 3 மைக்ரான் பாரிலீன் மேல் கலத்தொகுப்பைச் செய்தது. கல்யாணப் பை அச்சடிக்கும் அதே திரை அச்சு முறைதான். அவ்வளவு மெல்லிய படலத்தைக் கையில் எடுத்தால் கிழிந்துவிடும் என்பதால், சதுர மீட்டருக்கு 13 கிராம் மட்டுமே எடையுள்ள டைனீமா என்ற வலுவான துணியில் ஒட்டினார்கள்.

ஒரு கிலோவுக்கு 370 வாட். வழக்கமான பேனலைவிடச் சுமார் 18 மடங்கு. 8,000 வாட் வேண்டிய ஒரு வீட்டுக் கூரைக்கு இந்தத் துணி கூட்டும் பாரம் சுமார் 20 கிலோ. 500 முறைக்கு மேல் சுருட்டி விரித்த பிறகும் 90 சதவீதத்துக்குமேல் திறன் நின்றது.

இத்தனையும் மேல் காப்பு இல்லாத கலத்தில் பெற்ற எண்கள். காற்றும் ஈரமும் படாமல் இதை மூட வேண்டும். கண்ணாடியால் மூடினால் குறைத்த பாரமெல்லாம் திரும்பி வந்துவிடும். எனவே அந்தக் குழு அடுத்து இறங்கிய வேலை கலம் செய்வதல்ல. கலத்தைப் போலவே மெல்லியதாக, அதன் எடையைக் கூட்டாத ஓர் உறை செய்வது.